டொர்ச்செல்லோ பேராலயம்: ஊர் பெயர்ந்து போன பிறகும் நின்ற ஒரு கட்டடம்

வெனிஸுக்கு வடகிழக்கே, காயலுக்குள் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது டொர்ச்செல்லோ தீவு. துறையில் இறங்கினால் ஒரு கால்வாய், அதன் ஓரமாக ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் தோட்டம், நாணல், சேறு. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பாதை முடிகிற இடத்தில் புல் முளைத்த ஒரு சிறிய சதுக்கம். அங்கே நிற்கிறது விண்ணேற்பு அன்னையின் பேராலயம், இத்தாலியர் சொல்லும் பெயரில் சாந்தா மரியா அசுந்தா. பக்கத்தில் 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மணிக்கூண்டு. இந்த அளவில் ஒரு பேராலயம் எழுப்ப ஒரு பெரிய ஊர் வேண்டும். அப்படி ஓர் ஊர் அங்கே இருந்தது. 10ஆம் நூற்றாண்டில், கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியத்தின் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன், தன் மகனுக்காகத் தொகுத்த ஆட்சிக் குறிப்புகளில் டொர்ச்செல்லோவைப் பெரிய வணிகத்தலம் என்றே எழுதினார்.

அந்த வணிகத்தலத்தின் வீடுகள், அரண்மனைகள், மடங்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. எரிந்தோ இடிந்தோ போனது கொஞ்சம்தான். பெரும்பகுதியைச் செங்கல் செங்கலாகப் பிரித்துப் படகில் ஏற்றி வெனிஸுக்குக் கொண்டுபோய் வேறு கட்டடம் கட்டினார்கள். இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: ஊர் முழுவதையும் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் இந்த ஆலயத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? அப்படித் தப்பியதில் எது உண்மையாகவே பழையது, எது பின்னால் ஒட்டவைத்தது?

639ஆம் ஆண்டுக் கல்வெட்டு

ஊரின் தொடக்கம் பற்றி எல்லாரும் சொல்லும் கதை இது. நிலப்பகுதியில் அல்தீனோ என்ற ரோமானிய நகரம் இருந்தது. 452இல் அட்டிலாவின் ஹூணர்கள் அந்தப் பகுதியைச் சூறையாடினார்கள். 568இல் லொம்பார்டுகள் இத்தாலிக்குள் நுழைந்தார்கள். பயந்துபோன மக்கள் தங்கள் ஆயரோடும், புனிதர்களின் உடல் எச்சங்களான திருப்பண்டங்களோடும் காயலுக்குள் ஓடிவந்து, சேற்றின் மேல் புது ஊர் கட்டினார்கள்.

கதை மனதைத் தொடும். ஆனால் ஆலயத்திலேயே இருக்கும் ஒரு கல்வெட்டு வேறு தொனியில் பேசுகிறது. 1895இல் கண்டெடுத்த இந்தக் கல் இப்போது பீடப் பகுதியின் சுவரில் பதித்திருக்கிறது. எழுத்துகள் பல இடங்களில் சிதைந்திருந்தாலும் சாரம் தெளிவு. பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 639இல், ராவென்னாவிலிருந்து ஆண்ட பேரரசின் ஆளுநர் ஐசக் இட்ட ஆணையின்படி, இறைவனின் தாய் மரியாவுக்கு இந்த ஆலயம் அமைந்தது. கட்டியவர் வெனேசியா மாகாணத்தின் படைத்தலைவர் மவுரீசியஸ். நேர்ந்தளித்தவர் ஆயர் மவுருஸ். ஆளுநரின் நலனுக்கும் அவருடைய படையின் நலனுக்குமாக இது நேர்ந்தளிக்கப்பட்டது.

படிக்கும்போது கவனிக்க வேண்டியது, இதில் அகதிகள் என்ற பேச்சே இல்லை. பேரரசர், ஆளுநர், படைத்தலைவர், படை, கடைசியில் ஆயர். எல்லைப் பகுதி எதிரியிடம் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில், பேரரசு தன் நிர்வாகத்தையும் படையையும் பின்வாங்கவைத்து, நீர் சூழ்ந்த ஓர் இடத்தில் மறுபடி ஊன்றிய செயல் இது. கல்லில் வரும் ‘இந்த இடம்’ டொர்ச்செல்லோதானா, அல்லது கல்லே வேறு ஊரிலிருந்து வந்ததா என்று அறிஞர்களிடையே வாதமும் உண்டு. ஆலயத்தின் வயதும் அர்ப்பணிப்பும் பொருந்திப்போவதால் இது இந்த ஆலயத்தின் கல்தான் என்ற பக்கமே நான் சாய்கிறேன். மக்கள் பயந்து வந்தார்கள் என்பதும் பொய்யல்ல. ஆனால் ஆலயத்தை எழுப்பியது அரசு. அந்த அரசுத்தன்மை பிற்பாடு அதைக் காப்பாற்றுவதில் பங்கு வகித்தது.

அகழாய்வுகளும் இந்தப் படத்தைத்தான் காட்டுகின்றன. 1961, 62இல் போலந்து நாட்டு அகழாய்வாளர்கள் பேராலயத்தின் பக்கத்தில் தோண்டியபோது 7, 8ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி உலை ஒன்றின் தடயம் கிடைத்தது. முரானோ தீவு கண்ணாடிக்குப் பேர்போவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் இங்கே உலை எரிந்திருக்கிறது. இப்படி ஓர் உலை இருந்தது என்றால், பயந்து பதுங்கிய குடிசைக் கூட்டம் அல்ல, மூலப்பொருளும் வாங்க ஆளும் உள்ள ஊர் இருந்தது என்று பொருள்.

அல்தீனோவின் கதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த நகரின் கல்லும் செங்கல்லும் காயல் தீவுகளுக்குப் போயின. அதற்கு மேல் வேறு ஊர் எழவில்லை, வெறும் வயலாகிவிட்டது. 2007 கோடையின் வறட்சியில் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வானிலிருந்து எடுத்த படங்களில், பயிரின் நிற வேறுபாட்டிலேயே அந்த நகரின் தெருக்கள், அரங்கம், கால்வாய் எல்லாம் வரைபடம் போலத் தெரிந்தன. டொர்ச்செல்லோ அல்தீனோவை எடுத்துக் கட்டியது. வெனிஸ் டொர்ச்செல்லோவை எடுத்துக் கட்டியது. இந்தக் காயலில் கல் என்பது கிடைக்காத பொருள். சேறும் மணலும் மட்டுமே உள்ள இடத்தில் யாரும் கல்லை வீணாக விடமாட்டார்கள். அதனால்தான் பேராலயம் தப்பியது வியப்பு.

1008: ஒரு குடும்பத்தின் ஆலயம்

இன்று நாம் பார்க்கும் கட்டடம் 639இன் கட்டடம் அல்ல. 9ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய மறுகட்டுமானம் நடந்தது. 1008இல் இன்னொன்று. இரண்டாவதைச் செய்தவர் ஆயர் ஓர்சோ ஓர்செயோலோ. அவருடைய தந்தை இரண்டாம் பியெத்ரோ ஓர்செயோலோ, வெனிஸின் டோஜ், அதாவது குடியரசின் தலைவர். 1000ஆம் ஆண்டில் தல்மாத்தியக் கடற்கரைக்குப் படை கொண்டுபோய் ஏட்ரியாட்டிக் கடலில் வெனிஸின் கொடியை ஏற்றியவர். ஓர்சோ பிறகு கிராதோவின் மறைமுதுவராக, அதாவது ஆயர்களுக்கு மேலான தலைவராக, உயர்ந்தார். டொர்ச்செல்லோ ஆயர் பதவி அவர் தம்பி வித்தாலேவுக்குப் போனது. இன்னொரு தம்பி ஓட்டோ டோஜ் ஆனார். அரசும் சபையும் ஒரே வீட்டுக்குள் இருந்த காலம் அது. புதிய பேராலயம் பக்தியின் வெளிப்பாடு என்பதோடு, காயல் எங்கள் கையில் என்று அந்தக் குடும்பம் விட்ட அறிவிப்பும்கூட.

கட்டட அமைப்பு எளிமையானது. நீண்ட நடுக்கூடம், இருபுறமும் பக்கக்கூடங்கள், ஒன்பது ஒன்பதாகப் பதினெட்டுப் பளிங்குத் தூண்கள், மேலே மரக்கூரை. கல் வளைவு விதானம் போட்டிருந்தால் இந்த மண் தாங்கியிருக்காது. சுவர் செங்கல். தென்புறச் சன்னல்களுக்கு மரக்கதவு கிடையாது. கல் பலகைகளையே கல் முளைகளில் பொருத்திக் கதவாகத் திறந்து மூடும்படி செய்திருக்கிறார்கள். தரை முழுக்கப் பளிங்குத் துண்டுகளால் வட்டமும் கட்டமுமாகப் போட்ட 11ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. அதற்குக் கீழே இன்னும் பழைய தரை ஒன்றும் இருக்கிறது.

எதிரெதிர் இரண்டு சுவர்கள்

இந்த ஆலயத்தின் கலையைப் புரிந்துகொள்ள மேற்குச் சுவருக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டிலும் இருப்பவை மொசைக்குகள், அதாவது சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து உருவாக்கிய படங்கள். இரண்டையும் தனித்தனியாகப் புகைப்படத்தில் பார்ப்பவர்களுக்கு முக்கியமான விஷயம் தப்பிவிடும்: இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன.

கிழக்கே, பீடத்துக்குப் பின்னால் உள்ள அரைக்கோள விதானத்தில், பொன்னிறப் பரப்பின் நடுவே மரியன்னை தனியாக நிற்கிறார். உயரமான, மெலிந்த உருவம், கருநீல ஆடை, இடது கையில் குழந்தை இயேசு, அவரைச் சுட்டிக்காட்டும் வலது கை. சுற்றிலும் வேறு எந்த உருவமும் இல்லை. வானதூதர்களோ அரியணையோ நிலக்காட்சியோ எதுவும் இல்லாத வெறும் பொன். அவருக்குக் கீழே பன்னிரண்டு திருத்தூதர்கள் வரிசையாக. இந்தத் திருத்தூதர்கள் 11ஆம் நூற்றாண்டு. மரியன்னை உருவம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. 1117இல் வட இத்தாலியை உலுக்கிய நிலநடுக்கத்தில் முந்தைய படம் சேதமாகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். திருத்தூதர்களுக்குக் கீழே சன்னலையொட்டி அல்தீனோவின் முதல் ஆயர் புனித ஹெலியோதோருஸ். அவருடைய திருப்பண்டம் பீடத்தின் அடியில் ஒரு ரோமானியக் கல்பெட்டியில் இருக்கிறது. விட்டுவந்த ஊரின் நினைவை இந்த மக்கள் ஆலயத்தின் மையத்திலேயே வைத்தார்கள்.

அந்தப் பொன் வெளியின் விளிம்பில் லத்தீன் வரிகள் ஓடுகின்றன. மரியா கடலின் விண்மீன், மீட்பின் வாசல். கணவனோடு சேர்ந்து ஏவாள் வீழ்த்தியவர்களைத் தன் மகனைக் கொண்டு அவர் தூக்கிவிடுகிறார் என்பது பொருள். கடலோடிகளின் ஊரில் கடலின் விண்மீன் என்ற சொல் வெறும் அணியல்ல.

இப்போது திரும்பி மேற்கே பாருங்கள். வாசல் சுவர் முழுவதும் பொதுத்தீர்வை, அதாவது உலக முடிவில் இயேசு எல்லாருக்கும் தீர்ப்பளிக்கும் காட்சி. மேலிருந்து கீழாக ஆறு அடுக்கு. உச்சியில் சிலுவையில் இயேசு. அதற்குக் கீழே, பாதாளத்தின் கதவுகளை மிதித்து உடைத்து ஆதாமின் கையைப் பிடித்து இழுக்கும் இயேசு. இந்த அடுக்கில் உருவங்கள் மற்றவற்றைவிடப் பிரமாண்டமானவை. மூன்றாவதில் ஒளிவட்டத்துக்குள் நடுவராக அமர்ந்திருக்கிறார். இருபுறமும் மரியாவும் திருமுழுக்கு யோவானும் பரிந்து பேச, திருத்தூதர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அந்த ஒளிவட்டத்தின் அடியிலிருந்து சிவப்பாக நெருப்பாறு ஒன்று புறப்பட்டு, கீழ் அடுக்குகளை ஊடுருவிக்கொண்டு நரகத்துக்குள் போய் விழுகிறது. நான்காவதில் ஆளில்லாத அரியணை, அதன்மேல் நூலும் சிலுவையும். இரு பக்கத்திலும் ஆதாமும் ஏவாளும் மண்டியிட்டிருக்கிறார்கள். கிழக்குச் சுவரின் லத்தீன் வரியில் வந்த அதே ஏவாள், இங்கே மேற்குச் சுவரில், கிழக்கே நிற்கும் மரியாவுக்கு எதிரே முழந்தாளிட்டிருக்கிறார். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே அடுக்கின் ஓரங்களில் வானதூதர்கள் எக்காளம் ஊதுகிறார்கள். ஒரு பக்கம் காட்டு விலங்குகளும், மறுபக்கம் கடல் பிராணிகளும், தாங்கள் விழுங்கிய மனிதர்களை வாயிலிருந்து துப்புகின்றன. கடலே ஒரு பெண்ணாக, கடல் விலங்கின் மேல் அமர்ந்திருக்கிறது. கடலில் மூழ்கி உடல் கிடைக்காமல் போனவர்களின் வீட்டார் இந்தப் படத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் போதும், இது ஏன் இவ்வளவு அக்கறையாக வரையப்பட்டது என்று விளங்கும்.

வாசலுக்கு நேர் மேலே தராசு. அதிதூதர் மிக்கேல் ஆன்மாக்களை நிறுக்க, நீலநிறப் பேய்கள் இரண்டு கோலையும் பையையும் வைத்துக்கொண்டு தட்டைத் தங்கள் பக்கம் சாய்க்கப் பார்க்கின்றன. தராசில் கள்ளம் செய்வது என்னவென்று வணிகர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வலப்பக்கம் நரகம். முதலில் நெருப்புக்குள் ஒரு மிருகத்தின் மேல் லூசிபர், மடியில் எதிர்க்கிறிஸ்து. சுற்றிலும் நெருப்பில் மிதக்கும் தலைகள். கிரீடம் வைத்தவர்களும் உண்டு. வானதூதர்கள் ஈட்டியால் அவர்களை அழுத்துகிறார்கள். அதற்குக் கீழே சிறு சிறு அறைகள். இவற்றைத் தலையான பாவங்களாகப் பொதுவாக விளக்குகிறார்கள். காமுகர் தீயில். பெருந்தீனிக்காரர் தங்கள் கையையே கடிக்கிறார்கள். கோபக்காரர் குளிர்ந்த நீரில். பொறாமைக்காரர்களின் மண்டையோட்டுக் கண்குழிகளில் பாம்புகள் நெளிகின்றன; பார்வையால் செய்த பாவத்துக்குக் கண்ணிலேயே தண்டனை. பேராசைக்காரர்களின் தலைகளில் இன்னும் விலையுயர்ந்த காதணிகள் தொங்குகின்றன. சோம்பேறிகளுக்கு உடம்பே இல்லை, சிதறிய எலும்பும் கையும் காலும்தான். மேலே இயேசுவும் திருத்தூதர்களும் இருக்கும் அடுக்குகளில் மரபு கட்டுப்படுத்திய கைகள், இங்கே வந்ததும் தளர்ந்து தாராளமாக வேலை செய்திருக்கின்றன.

இடப்பக்கம் விண்ணகம். சாவியோடு பேதுரு, சிலுவையைத் தோளில் தாங்கிய நல்ல கள்ளன், மடியில் குழந்தை ஆன்மாக்களை வைத்திருக்கும் ஆபிரகாம், மரியா. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் கண் நரகத்தைவிட்டு இந்தப் பக்கம் வர நேரமாகும்.

இத்தனைக்கும் அடியில், வாசலின் மேல் வளைவில், கைகளை விரித்து மன்றாடும் மரியா. அருகில் லத்தீன் வரி: கன்னியே, உன் மகனிடம் மன்றாடி எங்கள் குற்றத்தைத் துடைத்துவிடு. ஆக மேற்குச் சுவரின் நடு அச்சைக் கீழ்நோக்கிப் படித்தால் சிலுவை, பாதாளம், நடுவர், காலி அரியணை, தராசு, மன்றாடும் தாய், வாசல். திருப்பலி முடிந்து வெளியே போகும் ஒவ்வொருவரும் அந்தத் தராசின் அடியில் நடந்துதான் உலகத்துக்குள் போக வேண்டும். உள்ளே வரும்போது எதிரே நின்று வரவேற்ற அன்னையே, போகும்போது தலைக்கு மேல் பரிந்து பேசுகிறார்.

பாணி பைசாந்தியம், உருவ அமைப்பு கிரேக்க மரபு, சில பெயர்க்குறிப்புகள் கிரேக்க எழுத்தில். ஆனால் வேண்டுதல் வரிகள் லத்தீனில். கிரேக்க மரபில் பழகிய கைகள், லத்தீனில் செபிக்கும் மக்களுக்காகச் செய்த வேலை. செங்கல் சுவரில் சுண்ணச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்கு ஈரமாக இருக்கும்போதே கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார்கள். பொன் துண்டு என்பது இரண்டு கண்ணாடி அடுக்குக்கு நடுவில் பொன் தகடு. துண்டுகள் ஒரே தளத்தில் இல்லாமல் சற்றே மேலும் கீழும் சாய்ந்திருப்பதால், நகர்ந்துகொண்டே பார்க்கும்போது ஒளி இடம் மாறும்.

தென்புறச் சிறு வழிபாட்டறையையும் விட்டுவிடக் கூடாது. அதன் விதானத்தில் நான்கு வானதூதர்கள் நடுவில் ஆட்டுக்குட்டி உள்ள வட்டத்தைத் தாங்கி நிற்கிறார்கள். சுற்றிலும் கொடியும் பறவையும். ராவென்னாவின் சான் வித்தாலே ஆலயத்தில் 6ஆம் நூற்றாண்டில் செய்த விதானத்தைப் பார்த்து 11, 12ஆம் நூற்றாண்டுகளில் இங்கே செய்தார்கள். ஒரு காலத்தில் இதையே 7ஆம் நூற்றாண்டு என்று நம்பியவர்களும் உண்டு.

ஊர் போனது எப்படி

டொர்ச்செல்லோவின் உச்ச மக்கள்தொகை 20,000 என்று வழிகாட்டி நூல்கள் எழுதும். இந்தத் தீவின் பரப்பையும் அகழாய்வில் கிடைத்த வீடுகளையும் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணை நம்ப மனம் வரவில்லை. எப்படியும் கம்பளி நெசவும் உப்பும் வணிகமும் நடந்த ஊர்தான். அதைக் கொன்றது ஒரே ஒரு பேரழிவு அல்ல. இன்றைய வெனிஸின் மையமான ரியால்தோவைச் சுற்றி அந்த நகரம் வளர வளர, வணிகம் அங்கே இழுபட்டது. 1348இல் கொள்ளைநோய். இதற்கெல்லாம் அடிப்படையாகத் தண்ணீர் மாறியது.

சீலே ஆறு வண்டலைக் கொண்டுவந்து வடகாயலைத் தூர்த்தது. படகுப் பாதைகள் மேடாயின. நன்னீர் அதிகம் கலந்ததால் உப்புநீர் நீர்த்துப்போய் நாணல் மண்டியது. கொசு பெருகி மலேரியா நிரந்தரமானது. வெனிஸ் குடியரசு ஆறுகளைக் காயலுக்கு வெளியே திருப்பிவிடுவதில் பெருஞ்செலவு செய்தது. சீலேயைத் திருப்பிய வெட்டுக்கால்வாய் 1683இல் முடிந்தது. அதற்குள் டொர்ச்செல்லோவில் காப்பாற்ற ஊர் மிஞ்சியிருக்கவில்லை. காலியான வீடுகள் வெனிஸ் கட்டுமானங்களுக்குக் கல்குவாரி ஆயின. 1689இல் ஆயர் இருக்கை முரானோவுக்கு மாறியது. நெப்போலியன் காலத்தில் மடங்கள் மூடப்பட்டன. 1818இல் ஆயரின் ஆட்சிப்பகுதியான மறைமாவட்டமே நீக்கப்பட்டு வெனிஸோடு சேர்ந்தது.

ஏன் நின்றது

முதல் காரணம் சட்டம். 1818 வரை இது ஒரு மறைமாவட்டத்தின் தாய் ஆலயம். ஆயர் அங்கே குடியிருக்காவிட்டாலும் அவருடைய பட்டம் இந்தச் சுவர்களோடு கட்டப்பட்டிருந்தது. ஆளில்லாத வீட்டை இடிக்க உரிமையாளரின் சம்மதம் போதும். ஒரு பேராலயத்தை இடிக்க மறைமாவட்டத்தையே கலைக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் எண்கோண முகமண்டபம் கொண்ட சாந்தா ஃபோஸ்கா ஆலயம் மறைசாட்சியின் திருப்பண்டம் இருக்கும் இடம் என்பதால் அதுவும் தப்பியது. பேராலயத்தின் எதிரே இருந்த திருமுழுக்கு ஆலயத்துக்கு அந்தக் காவல் இல்லை; அடித்தளம் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது காரணம் வறுமை, இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிச் சீர்திருத்தங்களை முடிவுசெய்த திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு இத்தாலி முழுக்க ஆலயங்களை மாற்றினார்கள். மக்களுக்கும் பீடத்துக்கும் நடுவே இருந்த தடுப்புகளை எடுத்தார்கள். பிறகு பரோக் பாணி வந்தது. பழைய சுவரை மூடிச் சாந்துச் சிற்பமும் பெரிய பீடமும் வைத்தார்கள். பணமுள்ள ஊர்களில் பழையது இப்படித்தான் போனது. டொர்ச்செல்லோ ஆயருக்கு அதற்குக் கையில் காசு இல்லை.

அதன் பலன் கண்முன்னே இருக்கிறது. பீடத்தின் பின்னால் அரைவட்டமாகப் படிப்படியாக எழும் செங்கல் இருக்கைகளும் நடுவில் ஆயரின் உயர்ந்த அரியணையும் அப்படியே உள்ளன. குருக்கள் கூட்டமாக ஆயரைச் சுற்றி அமர்ந்த பழைய வழிபாட்டு முறையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் இத்தாலியில் அரிது. நடுக்கூடத்தின் தடுப்பும் நிற்கிறது: கீழே, கிண்ணத்தில் நீர் அருந்தும் மயில்களும் சிங்கங்களும் செதுக்கிய 11ஆம் நூற்றாண்டுப் பளிங்குப் பலகைகள், மேலே 15ஆம் நூற்றாண்டில் மரப்பலகையில் வரைந்த மரியாவும் திருத்தூதர்களும்.

ஏழ்மையின் இன்னொரு முகம் பிரசங்க மேடை. அதைத் துண்டு துணுக்குகளிலிருந்து கட்டினார்கள். அழகான பழைய பளிங்குச் சிற்பப் பலகைகளைப் படிக்கட்டின் சாய்வுக்கு ஏற்பக் குறுக்கே அறுத்துவிட்டார்கள். அப்படி அறுபட்ட ஒன்றில், சிறகுள்ள சக்கரங்களின் மேல் ஓடும் இளைஞனாக ‘தக்க தருணம்’ செதுக்கப்பட்டிருக்கிறது. எதிரே நிற்பவன் அதன் முன்முடியைப் பிடித்துவிடுகிறான். பின்னால் நிற்பவனுக்குப் பிடி கிடைக்கவில்லை; அவனருகே வருத்தம் பெண் உருவில் நிற்கிறது. கிரேக்கர்களின் பழைய கருத்து கிறிஸ்தவ மேடைக்கு வந்து, அங்கேயும் வெட்டுப்பட்டது.

மிக மோசமான சேதம் பழுதுபார்ப்பின் பெயரில் வந்தது

ஆயிரம் ஆண்டு ஈரமும் உப்பும் செய்யாததை 19ஆம் நூற்றாண்டின் ஓர் அக்கறை செய்தது. வெனிஸ் அப்போது ஆஸ்திரிய ஆட்சியில். 1850களில் ஜொவான்னி மோரோ என்பவரிடம் மொசைக்குகளைச் சீரமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் பல இடங்களில் பழைய தலைகளைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து, தான் செய்த நகல்களைப் பதித்தார். அசல் தலைகள் சந்தைக்குப் போயின. சில அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு தலை வேல்ஸில் ஒரு கிராமத்து ஆலயத்தில் போய்ச் சேர்ந்திருந்தது பின்னர் தெரியவந்தது. பொதுத்தீர்வையின் மேல் அடுக்குகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டன. சிலுவைக் காட்சியிலும் பாதாளக் காட்சியிலும் இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு வேலை. இதை அறியாமல் அந்த முகங்களை வைத்து 11ஆம் நூற்றாண்டுக் கலையைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

இதைப் பிரித்துக் காட்டியவர் இரினா அந்திரீஸ்கு. 1970களில் வெளியான தன் ஆய்வுகளில் சுவரை அங்குலம் அங்குலமாக, துண்டுகளின் வடிவம், சாந்து, இணைப்புக் கோடு, பழைய வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எது 11ஆம் நூற்றாண்டு, எது 12, எது மோரோ என்று வரையறுத்தார். இந்த ஆலயத்துக்கு நடந்த மிகப் பெரிய நன்மைகளில் ஒன்றாக நான் இதை வைப்பேன். அவர் ஒரு துண்டைக்கூட மாற்றவில்லை. சுவரில் இருப்பதைச் சரியாகப் படித்தார், அவ்வளவுதான்.

மோரோவின் நகல்களை எடுத்துவிட்டு அசலைத் திரும்ப வைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. இன்னொரு முறை சுவரைக் குத்தினால் சுற்றியுள்ள அசல் துண்டுகள் உதிரும். அதைவிட, எந்த முகம் நகல் என்பதை ஆலயத்துக்குள்ளேயே ஒரு படத்தில் வெளிப்படையாகக் காட்டினால் போதும். தீவின் அருங்காட்சியகத்தில் சில அசல் துண்டுகள் இருக்கின்றன. வெனிஸின் ஆட்சியராக இருந்த லூயிஜி தொரெல்லி 1870இல் ஊர் மன்றத்தின் பழைய மாளிகையை வாங்கிக் காப்பாற்றியதால் அந்த அருங்காட்சியகம் உருவானது. ஆலயத்தைப் பார்த்த கையோடு அங்கேயும் போய் அந்தத் துண்டுகளின் ஒழுங்கற்ற வடிவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், சுவரில் எது மோரோ என்று கண்ணே ஓரளவு சொல்லிவிடும்.

மறைந்திருந்த 9ஆம் நூற்றாண்டு

அண்மைக் காலத்தில் சேவ் வெனிஸ் என்ற அமெரிக்க அமைப்பின் நிதியுதவியோடு கட்டடமும் மொசைக்குகளும் பராமரிக்கப்படுகின்றன. பிரச்சினை பழையதுதான்: காயல் நீர் செங்கல் வழியே மேலேறி, காயும்போது உப்பு படிகமாகி, சாந்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. கூரையிலிருந்து இறங்கும் மழைநீரும் சேர்ந்துகொள்கிறது. 2019 நவம்பர் 12 அன்று வெனிஸில் நீர்மட்டம் 187 சென்டிமீட்டரைத் தொட்டது. 1966க்குப் பிறகு அதுவே உச்சம். கடல்வாய்களில் அமைத்த மோசே தடுப்புக் கதவுகள் 2020 அக்டோபரில் முதன்முறையாக வெள்ளத்தை நிறுத்தின. அவை மூடும் நாட்களில் ஆலயத் தரைக்கு நல்லது. ஆனால் அடித்தளத்தில் ஏற்கெனவே ஊறிய உப்புக்கு அவை மருந்தாகாது.

இந்தப் பராமரிப்பு வேலையின்போதுதான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. தென்புற வழிபாட்டறையில், மொசைக் விதானத்துக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடிபாட்டுக் குப்பையை அகற்றியபோது, சுவரில் 9ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் தெரிந்தன. மரியாவும் பணிப்பெண்ணும் உள்ள காட்சி, புனித மார்ட்டின் பற்றிய காட்சி. வெனிஸின் கா ஃபோஸ்காரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதை அறிவித்தார்கள். பின்னால் வந்தவர்கள் தாழ்வாக ஒரு விதானம் போட்டதால், அதற்கு மேலே இருந்த பழைய சுவர் மறைந்து தப்பியது.

இந்த ஓவியங்கள் பாணியில் பைசாந்தியம் அல்ல. கரோலிங்கிய மேற்கை, அதாவது சார்லமேனின் வம்சம் ஆண்ட பிராங்கியப் பேரரசின் உலகத்தைச் சேர்ந்தவை. மார்ட்டின் பிராங்கியர்கள் கொண்டாடிய புனிதர். அப்படியானால் 9ஆம் நூற்றாண்டு டொர்ச்செல்லோ ஆல்ப்ஸுக்கு அப்பாலிருந்த உலகத்தோடும் நெருக்கமாக இருந்தது. கிரேக்க மொசைக் என்பது 639இலிருந்து தானாக வந்த சொத்து என்று இனிச் சொல்ல முடியாது. இரண்டு உலகத்தையும் பார்த்த பிறகு, கடல்வழி கான்ஸ்டான்டிநோபிளோடு வணிகம் செழித்த 11ஆம் நூற்றாண்டில், இந்த ஊர் தெரிந்தே எடுத்த முடிவு அது. அதே புனித மார்ட்டினைப் புதிய மொசைக்கிலும் கிரகோரி, அம்புரோஸ், அகுஸ்தீன் ஆகிய மேற்கின் ஆயர்களோடு அதே அறையில் நிற்கவைத்திருக்கிறார்கள். பாணியை மாற்றியபோதும் தங்கள் புனிதரை அவர்கள் விட்டுவிடவில்லை.